காட்பாடி பட்டறையில் செய்த முயல் குட்டிப் பெட்டி

மூணு வருஷமா முயல் கண்காட்சி, கண்காட்சின்னே ஓடினேன். காது நிமிர்ந்து நிக்குதா, எடை சரியா, ரோமத்துல கறை இருக்கான்னு பார்த்துப் பார்த்தே, காலையில முயல்களைப் பார்க்க மாடி ஏற மனசே வராமல் போச்சு. போன கோடையில வேலூர் வெயில்ல ஆண் முயல்கள் துவண்டு, இணை சேர்த்தும் சினை பிடிக்கலை. எல்லாத்தையும் வித்துடலாம்னு இருந்தேன்.

மழை வந்து குளிர்ந்ததும் ஒண்ணு சினையாச்சு. அது குட்டி போட, காட்பாடியில ஒரு சின்னப் பட்டறையில பெட்டி செய்யச் சொன்னேன். வேப்பம் பலகை. "போட்டிக்கா, வீட்டுக்காம்மா?"ன்னு அந்த அண்ணன் கேட்டார். எனக்குச் சட்டுன்னு பதில் வரலை. தாய் உரசாமல் ஏறி இறங்க முன்பக்கத்தைத் தாழ்வா வெட்டி, விளிம்பை மழமழன்னு இழைச்சுக் கொடுத்தார். அடியில மூத்திரம் வடிய ஓட்டைகள். மூடிக் கீல் மட்டும் சரியில்லை, ஒரே வாரத்துல ஆடுது, மாத்திக் கேட்கணும்.

இணை சேர்த்த 31ஆம் நாள் என் நியூசிலாந்து வெள்ளை இன முயல் தன் வயித்து ரோமத்தைப் பிடுங்கி மெத்தை போட்டுச்சு. விடியற்காலை கையை உள்ளே விட்டேன். ரோமத்துக்கு அடியில ஏழு குட்டி, கண் திறக்காமல், வெதுவெதுன்னு, விரல் பட்டதும் துள்ளுச்சுங்க. தராசை எடுக்கவே தோணலை. காபி ஆறுற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு பெட்டிக்கும் சொல்லிட்டேன்.