கார்டு மாற்றியும் போகாத திக்கல்: ஆர்டிஎக்ஸ் 4070-உடன் இரண்டு வருஷம்

'ஃபிஃப்டி', தரைக்கு ஐம்பது அடி, என்று கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் நான் ஓட்டும் ஏர்பஸ் சொல்லும். 'ஃபார்ட்டி' வருவதற்குள் திரை உறைந்துவிடும். மறுபடி அசையும்போது மூக்கைத் தூக்க வேண்டிய நேரம் தாண்டியிருக்கும், சக்கரம் தொம்மென்று தரையில் விழும். ஒரு வருஷத்துக்கும் மேலாக என் தரையிறக்கம் எல்லாம் இப்படித்தான் இருந்தது. என் கை சரியில்லை என்று ஒத்துக்கொள்ள மனசு வராததால் பழியைக் கிராஃபிக்ஸ் கார்டு மேல் போட்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க இன்னொரு முப்பதாயிரமும் ஆறு மாதமும் ஆனது.

என்னுடையது 2020 ஆரம்பத்தில் கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர். ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 போர்டு, 16 ஜிபி ராம், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, மின்சாரம் கொடுக்க 450 வாட் எஸ்எம்பிஎஸ். அந்த ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தது. 2006-ல் வந்த எஃப்எஸ்எக்ஸிலேயே தட்டையான பச்சை நிலத்தின் மேல் பறந்து பழகியவன் நான். காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து ஸ்ரீரங்கத்தைச் சுற்றி ஓடுவதை மேலிருந்து பார்த்தபோது, எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃபிரேம், அதாவது படம்) எத்தனை என்று கேட்கவே தோன்றவில்லை. செஸ்னா என்ற குட்டி விமானத்தில் பறந்தவரைக்கும் தொந்தரவும் இல்லை. 27 இன்ச் 1440பி (1440 வரி) மானிட்டரும் ஃபீனிக்ஸ் ஏ320 என்ற ஏர்பஸ்ஸும் வந்த பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. திருச்சி மாதிரி சின்ன ஏர்போர்ட்டில் சமாளிக்கும். சென்னையில் திணறும். லண்டன், நியூயார்க் பக்கம் போகவே முடியாது.

2023 ஆகஸ்டில் ஆர்டிஎக்ஸ் 4070 வாங்கினேன், அறுபதாயிரத்தைச் சுற்றி ஆனது. 4060 பாதி விலைதான். ஆனால் அதில் மெமரி 8 ஜிபிதான் இருக்கிறது. வானத்தையும் ஊரையும் சேர்த்து வரைகிற இந்த சிமுலேட்டருக்கு 12 ஜிபி வேண்டும் என்று நினைத்தேன். அந்த முடிவில் இன்றைக்கும் வருத்தமில்லை.

கார்டோடு செலவு நிற்கவில்லை. 4070 இழுப்பது 200 வாட், சொல்லப்பட்டிருந்த எஸ்எம்பிஎஸ் 650 வாட். என்னிடம் இருந்த 450-ல் ஓட்டிப் பார்க்கலாமா என்ற சபலம் ஒரு ராத்திரி முழுக்க இருந்தது. கடைசியில் பயம் ஜெயித்தது, 650 வாட் வாங்கினேன். கார்டின் நீளத்துக்கு கேபினட்டில் ஹார்ட் டிஸ்க் கூண்டைக் கழற்ற வேண்டியிருந்தது. எடை தாங்காமல் கார்டின் முனை லேசாகத் தொங்கியதால் வீட்டிலிருந்த காலி நூல்கண்டு ஒன்றை அடியில் முட்டுக் கொடுத்தேன். தற்காலிகமாக என்று வைத்தது, இரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிறது. அப்புறம் யுபிஎஸ். என்னிடம் இருந்தது 600 விஏ, கிட்டத்தட்ட 360 வாட்தான். சென்னைக்கு மேலே மேகத்துக்குள் நுழைந்ததும் அது விடாமல் கத்த ஆரம்பித்தது. மூன்றாவது நாள் கரண்ட் போனபோது பேட்டரிக்கு மாறாமல் மொத்தமாக விழுந்துவிட்டது. 1100 விஏ ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. கார்டு விலையை மட்டும் கணக்குப் போட்டு வீட்டில் அனுமதி வாங்கியிருப்பவர்கள் இந்தப் பத்தியை அங்கே காட்ட வேண்டாம்.

எல்லாம் மாட்டி முடித்த முதல் நாள், எதை எடுத்தாலும் அல்ட்ரா. மேகத்தின் விளிம்பில் வெயில் கசிவது, ஈர ஓடுபாதையில் விளக்கு நீண்டு தெரிவது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போன மாசமும் இப்படித்தானேங்க இருந்துச்சு?" என்றாள். அதற்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை. ராத்திரி சென்னையில் இறங்கினேன். ஃபிஃப்டி. உறைந்தது. தொம்.

இனி உணர்ச்சியை நம்பிப் பயனில்லை, அளந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஒரே இடம், ஒரே நிலைமை: சென்னையில் 25 என்ற ஓடுபாதையின் முனையில் ஏ320, காலை ஏழு மணி, கொஞ்சம் மேகம், வேறு விமானங்கள் கிடையாது. டெவலப்பர் மோடைப் போட்டு எஃப்பிஎஸ் காட்டச் சொன்னால் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வரும். பெரும்பாலானவர்கள் அதில் எஃப்பிஎஸ் எண்ணை மட்டும் பார்ப்போம். அதற்குக் கீழேதான் விஷயம் இருக்கிறது. மெயின்த்ரெட் (ப்ராசஸரின் முக்கிய வேலை) எத்தனை மில்லிசெகண்ட், ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) எத்தனை மில்லிசெகண்ட், இரண்டில் எது இழுத்துப் பிடிக்கிறது என்று அது வரி வரியாகச் சொல்கிறது.

பழைய கார்டு இருந்தபோது எடுத்து வைத்த ஒரு ஸ்க்ரீன்ஷாட் கிடைத்தது. ஜிபியு 38, மெயின்த்ரெட் 27. ஒரு ஃபிரேமுக்கு 38 மில்லிசெகண்ட் என்றால் நொடிக்கு 26 ஃபிரேம். சரி, கார்டுதான் தடை என்று அன்றைக்கு முடிவுகட்டினேன். பக்கத்திலேயே இருந்த 27-ஐப் பார்க்கவில்லை. எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் ப்ராசஸர் ஒரு ஃபிரேமுக்கு 27 மில்லிசெகண்ட் எடுக்கப் போகிறது, 37 எஃப்பிஎஸ்ஸைத் தாண்டப் போவதில்லை என்று அந்த எண் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டது. அதே செட்டிங்கில் 4070-ஐ வைத்து அளந்தால் ஜிபியு 14, மெயின்த்ரெட் 27. புதுக் கார்டு பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது.

இதில் நான் செய்த இன்னொரு காரியம், கார்டு வந்த ஜோரில் டெரெய்ன் எல்ஓடியை 100-லிருந்து 200-க்கு ஏற்றியது. தூரத்துக் கட்டடங்களும் மரங்களும் எவ்வளவு விவரமாக வரவேண்டும் என்பதை முடிவு செய்கிற ஸ்லைடர் அது. பெயரைப் பார்த்தால் கார்டின் வேலை மாதிரி இருக்கும். உண்மையில் பெரும் சுமை ப்ராசஸர் மேல் விழுகிறது. மெயின்த்ரெட் 31 ஆனது, அதாவது 32 எஃப்பிஎஸ். கார்டு மாற்றியதில் பதினோரு ஃபிரேம் கிடைத்தது, அதில் ஐந்தை நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு மூன்று வாரம் ஒவ்வொரு செட்டிங்கையும் தனித்தனியாக ஏற்றி இறக்கிப் பார்த்ததில் ஒரு கணக்குப் பிடிபட்டது. மேகத்தின் தரம், நிழல், ரெண்டர் ஸ்கேல் (படம் வரையப்படும் அளவு), நீரில் தெரியும் பிம்பம் எல்லாம் கார்டின் பாடு. எல்ஓடி இரண்டு வகை, ஏர்போர்ட்டில் நிற்கும் மற்ற விமானங்கள், வண்டிகள், பணியாளர்கள், காக்பிட் திரைகள் புதுப்பிக்கப்படும் வேகம் எல்லாம் முக்கியமாக ப்ராசஸரின் பாடு. ஃபீனிக்ஸ் போன்ற விமானத்தில் சிஸ்டம்கள் தனி ப்ரோக்ராமாகவே பின்னால் ஓடுகின்றன, அதுவும் அதே ப்ராசஸர் தலையில்தான். மேகத்தை அல்ட்ராவிலிருந்து ஹை-க்கு இறக்குங்கள் என்று எல்லாரும் சொல்லும் யோசனை பழைய கார்டில் எனக்கு அமுதம் மாதிரி இருந்தது. புதுக் கார்டில் அதைச் செய்து ஒரு ஃபிரேம்கூட ஏறவில்லை.

அக்டோபரில் வேறு எதையோ தேடி பயாஸுக்குள் (போர்டின் அடிப்படை செட்டிங்) போனபோது ராம் வேகம் 2133 என்று இருந்தது. நான் காசு கொடுத்து வாங்கியது 3200. எக்ஸ்எம்பி என்ற ஒரு ஆப்ஷனைப் போட்டால்தான் அந்த வேகத்தில் ஓடும். அசெம்பிள் செய்த கடையில் அதைப் போடவே இல்லை. மூன்றரை வருஷம்! ஒரே ஒரு க்ளிக், செலவு பூஜ்யம், மெயின்த்ரெட் 31-லிருந்து 28-க்கு இறங்கியது. இதைப் படிக்கும்போது கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்தால், டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து ஸ்பீட் என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

ஃபிரேம் ஜெனரேஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 40 சீரிஸ் வாங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். உண்மையான இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே கார்டே ஒன்றை வரைந்து செருகுகிறது. அந்த ஃபிரேமுக்கு ப்ராசஸரிடம் கேட்க வேண்டியதில்லை என்பதால், என் மாதிரி ப்ராசஸர் திணறும் ஆட்களுக்கு வரப்பிரசாதம். போட்டதும் 32 என்பது 58 ஆனது. ஜன்னல் வழியாக ஊர் நகர்வது நிஜமாகவே வழுக்கிக்கொண்டு போனது. துப்பாக்கிச் சண்டை கேம்களில் இதனால் கை அசைவு தாமதமாகத் தெரியும் என்பார்கள். விமானமே மெதுவாகத்தான் திரும்புகிறது, அதனால் எனக்கு அது உறுத்தவில்லை. ஆனால் மெயின்த்ரெட் ஒரு இடத்தில் நின்றுவிட்டால் இதுவும் சேர்ந்து நிற்கும். நடுவில் செருக, அடுத்த ஃபிரேம் வந்தால்தானே? ஐம்பது அடித் திக்கல் அப்படியே இருந்தது.

டிஎல்எஸ்எஸ், அதாவது சின்னதாக வரைந்த படத்தைக் கார்டே பெரிதாக்கும் வித்தை, எனக்குப் பாதி பிடித்தது. 1440பி-யில் குவாலிட்டி மோட் என்பது உள்ளுக்குள் 960 வரியில் வரைந்து பெரிதாக்குவது. நிலம், மேகம் எல்லாம் பிரமாதம். காக்பிட்டில்தான் குட்டு வெளிப்பட்டது. ஏறும்போது உயரம் காட்டும் பட்டையில் எண்கள் உருளும் இல்லையா, ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஈர மையைத் தேய்த்த மாதிரி ஒரு நிழல் வந்தது. 8-ஆ 6-ஆ என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். காரில் ஸ்பீடோமீட்டர் இப்படி இருந்தால் யாராவது ஓட்டுவார்களா? ஒன்றரை வருஷம் டிஎல்எஸ்எஸ்ஸை விட்டுவிட்டு, பெரிதாக்காமல் விளிம்புகளை மட்டும் மென்மையாக்கும் டிஏஏ-விலேயே இருந்தேன். 2025 ஜனவரியில் வந்த புது டிஎல்எஸ்எஸ் மாடல் பழைய ஆர்டிஎக்ஸ் கார்டுகளிலும் ஓடுகிறது. அதைப் போட்ட பிறகு எண்கள் படிக்கிற அளவுக்கு வந்துவிட்டன. நிழல் முழுதாகப் போகவில்லை, ஆனால் தேடினால்தான் தெரியும்.

2024 ஜனவரியில் ப்ராசஸரை மாற்றினேன். ரைசன் 7 5800எக்ஸ்3டி, முப்பதாயிரத்துக்கு அருகில். அதே பி450 போர்டில் உட்காரும் என்பதால் மற்ற எதையும் மாற்ற வேண்டியதில்லை. இதில் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் எல்3 கேஷ் என்ற மெமரி 96 எம்பி, என் பழைய 3600-ல் 32 எம்பி. தேவையான விவரத்துக்கு அடிக்கடி ராம் வரை ஓடாமல் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்துக்கொள்ள முடிவதுதான் இந்த சிமுலேட்டரில் அது ஜெயிக்கக் காரணம். முதலில் பயாஸ் அப்டேட் செய்ய வேண்டியிருந்தது. பாதியில் கரண்ட் போனால் போர்டு குப்பை. புது யுபிஎஸ் இருந்தும், அந்த நான்கு நிமிஷம் நான் நாற்காலியில் உட்காரவில்லை. பெட்டியோடு கூலர் வராது, பழைய குட்டி கூலரும் இதற்குப் பத்தாது. பெரிய டவர் கூலர் போட்டும் லோடிங் நேரத்தில் 80 டிகிரியைத் தொடுகிறது.

அதே ஓடுபாதை, அதே காலை ஏழு மணி. மெயின்த்ரெட் 19, எஃப்பிஎஸ் 52. ஒரு சுற்று ஏறி, கடல் பக்கம் போய்த் திரும்பி 25-க்கு வரிசை பிடித்தேன். பக்கத்தில் பரங்கிமலை. ஃபிஃப்டி, ஃபார்ட்டி, தர்ட்டி என்று இடைவெளி பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்தது. இருபதில் மூக்கைத் தூக்கினேன். நல்ல தரையிறக்கம் என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் மிதந்து நடுக்கோட்டுக்கு இடப்பக்கம்தான் இறங்கியது. ஆனால் இந்தத் தடவை முழுப்பழியும் என்னுடையது.

அதன் பிறகும் 52-ஐ அப்படியே விடவில்லை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 40-க்கும் 55-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கும் எண் கண்ணுக்குத் திக்கலாகத்தான் தெரிகிறது. இப்போது ஃபிரேம் ஜெனரேஷனைப் போட்டு, மொத்தத்தை 60-ல் கட்டி வைத்திருக்கிறேன். உண்மையான ஃபிரேம் 30தான். ஒவ்வொன்றுக்கும் 33 மில்லிசெகண்ட் அவகாசம், ப்ராசஸருக்குத் தேவை 19. கனமான இடம் வந்து அது 28-க்கு ஏறினாலும் திரைக்குத் தெரியாது. 52 என்று காட்டிய நாட்களைவிட இது மென்மையாக இருக்கிறது. எண் குறைவாக வைத்து ஓட்டுவதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆனது.

4070-ஐப் பற்றி மிச்சம்: மே மாதம் அறையில் ஏசி இல்லாமல் ஓட்டினால் 74 டிகிரி வரை போனது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கி வைத்தேன். 190 வாட் இழுத்தது 155 ஆனது, எஃப்பிஎஸ் வித்தியாசம் கண்ணில் படவில்லை. நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஃபேனில் தூசி ஊதினால் போதும். இதுவரை ஒரு ரிப்பேரும் இல்லை. 2024 நவம்பரில் வந்த புது ஃப்ளைட் சிமுலேட்டரில் ப்ராசஸர் சுமை எனக்குக் குறைந்தது, ஆனால் இப்போது 12 ஜிபி நிறைய ஆரம்பித்திருக்கிறது. லண்டனில் அல்ட்ரா டெக்ஸ்ச்சரோடு இறங்கினால் மெமரி வழிந்து எஃப்பிஎஸ் ஒற்றை இலக்கத்துக்குப் போகிறது. டெக்ஸ்ச்சரை ஹை-யில் வைத்தால் பிரச்சினை இல்லை, வித்தியாசமும் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பழைய 1660 சூப்பர் அக்கா பையனிடம் இருக்கிறது. போன வாரம் போன் செய்து, "மாமா, 5070 எப்போ வாங்கறீங்க? 4070 எனக்குத்தானே?" என்றான். அதிலும் 12 ஜிபிதான்டா என்றேன். அப்போ 5070 டிஐ வாங்குங்க, 16 ஜிபி என்று உடனே விலையோடு சொன்னான். என்னைவிட அவன்தான் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.