ஜேம்ஸ் டெய்லர்: தேயிலைத் துரையா, துடுப்பாட்ட வீரரா?

இலங்கை மலையகத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்றால் லூல்கந்துர தோட்டத்துத் துரைதான். ஸ்காட்லாந்திலிருந்து 1852இல் வந்தவர். 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். தொழிற்சாலையெல்லாம் அப்புறம்தான், முதலில் பங்களா வராந்தாவில் மேசை போட்டு, கொழுந்தைக் கையாலேயே உருட்டினார்கள். உருட்டிய கைகள் யாருடையவை என்று கேட்டால்தான் பதில் இல்லை. 1892இல் இறந்தவரின் கல்லறை கண்டி மஹியாவையில் இருக்கிறது.

அதே பெயருடைய மற்றவர் இங்கிலாந்து துடுப்பாட்ட (கிரிக்கெட்) வீரர், கொஞ்சம் குள்ளம். 2015 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 98. இதய நோயால் 2016இல், 26 வயதிலேயே ஓய்வு.

வரலாற்றில் துரைதான் பெரியவர், சரி. மனம் இரங்குவதென்னவோ இளையவருக்குத்தான். 2014இல் அவர் ஆடிய பல்லேகலை மைதானம் துரையின் கல்லறையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்.