குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ லேபிள்: சில வருடம் புழங்கிய பிறகு

"அண்ணா, ஓப்பன் சோர்ஸ்ல ஏதாவது பண்ணணும். குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ லேபிளை நம்பி இறங்கலாமா?" என்று ஆபீஸ் தம்பி ஒருவன் கேட்டான். ஒரு வரியில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். ஓப்பன் சோர்ஸ் என்றால் யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம் என்று திறந்து வைத்த புரோகிராம் கோடு. அப்படிப்பட்ட கோடை வைக்கும் கிட்ஹப் தளத்தில், 'புதியவர் எடுத்துச் செய்யலாம்' என்று ஒரு வேலையின் (இஷ்யூவின்) மேல் ஒட்டும் சீட்டுதான் இந்த லேபிள். அதை இரண்டு பக்கமிருந்தும் பார்த்தவன் நான். முதலில் புதியவனாக அதைத் தேடிப் போனேன். இப்போது நண்பர்களோடு பராமரிக்கும் ஒரு சின்ன பைத்தான் லைப்ரரியில் (மற்றவர்கள் தங்கள் புரோகிராமில் எடுத்துப் பயன்படுத்தும் கோடுத் தொகுப்பு) நானே அதை ஒட்டுகிறேன்.

தேடும் வேலைக்கு இதை அடிக்க ஆளில்லை. கிட்ஹப்பில் புது ரெப்போ (ஒரு ப்ராஜெக்ட்டின் கோடு இருக்கும் இடம்) திறந்தாலே இந்த லேபிள் தயாராக இருக்கும். புரோகிராமிங் மொழி, லேபிள் இரண்டையும் போட்டுத் தேடினால் உலகம் முழுக்க இருக்கும் சின்னச் சின்ன வேலைகள் கண்முன் வரிசையாக வந்து நிற்கும். "எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்" என்ற கூச்சத்தை இது உடைத்திருக்கிறது. அதை மறுக்க மாட்டேன்.

எரிச்சல் அதற்கு அப்புறம்தான். லேபிளைப் பார்த்து, இஷ்யூவைப் படித்து, ராத்திரி கண்விழித்துத் திருத்தி, புல் ரிக்வெஸ்ட் (நம் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) அனுப்புகிறோம். கோடு சரியா என்று தானாகச் சோதிக்கும் டெஸ்ட் ஓடாது. மெயின்டெய்னரின் (ப்ராஜெக்ட்டைப் பராமரிப்பவரின்) அனுமதிக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி மட்டும் நிற்கும். நம் கோடு பாஸா ஃபெயிலா என்றுகூடத் தெரியாது.

இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அந்த டெஸ்டுகளை ஓட்டும் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் இலவச சர்வர்களில் சிலர் கிரிப்டோ நாணயம் தோண்ட (சர்வரின் கணக்குப்போடும் சக்தியைக் காசாக்க) ஆரம்பித்தார்கள். யாருடைய ரெப்போவையாவது ஃபோர்க் செய்து (தன் கணக்கில் நகலெடுத்து), தோண்டும் ஸ்கிரிப்டைச் செருகி, ஒரு புல் ரிக்வெஸ்ட் போட்டால் போதும், சர்வர் ஓட ஆரம்பித்துவிடும். அதனால் 2021 ஏப்ரலில் விதியை மாற்றினார்கள்: ஒரு ரெப்போவுக்கு முதல்முறை கோடு அனுப்புகிறவரின் டெஸ்ட், மெயின்டெய்னர் ஒருவர் வந்து பட்டனை அழுத்தினால்தான் ஓடும். சரி, திருடனுக்குப் போட்ட பூட்டு. ஆனால் அதில் முதலில் முட்டிக்கொள்வது லேபிளைப் பார்த்து வந்த ஆள்தான். 30 நாள் யாரும் அழுத்தாவிட்டால் காத்திருக்கும் அந்த டெஸ்ட் ரன் தானாகவே நீக்கப்பட்டுவிடும். பல ரெப்போக்களில் ஸ்டேல் பாட் (அசைவில்லாமல் கிடப்பதைத் தானாக மூடும் புரோகிராம்) வேறு உட்கார்ந்திருக்கிறது. அதன் செட்டிங்கைத் தொடாமல் விட்டால் 60 நாள் அசைவில்லாததற்கு எச்சரிக்கை ஒட்டும், இன்னும் 7 நாளில் மூடிவிடும்.

வாசலில் சந்தனம் கொடுத்து வரவேற்றுவிட்டு, பந்தியில் இலை போடாத கல்யாணம் இது. ஓரளவு பிரபலமான ஒரு ப்ராஜெக்ட்டில் (பெயர் வேண்டாம்) என் புல் ரிக்வெஸ்ட்டுக்கு நன்றி சொன்னது ஒரு பாட், கோடைப் பயன்படுத்தும் உரிமைக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டது இன்னொரு பாட், கடைசியில் மூடியதும் பாட்தான். மனுஷன் ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

மெயின்டெய்னர் பக்கம் நின்று பார்த்தால் கோபம் பாதியாகக் குறைகிறது. அவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாமல், வேலை முடிந்த பிறகு உட்காருகிறவர்கள். புதியவருக்குப் புரிகிற மாதிரி ஒரு இஷ்யூ எழுதும் நேரத்தில் அதை நாமே சரிசெய்து முடித்துவிடலாம். 2020 அக்டோபர் மெயின்டெய்னர் யாருக்கும் மறந்திருக்காது. புல் ரிக்வெஸ்ட் அனுப்பியவர்களுக்கு டி-ஷர்ட் தந்த, டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடத்தும் ஹேக்டோபர்ஃபெஸ்ட்டின் அந்த டி-ஷர்ட்டுக்காக, ப்ராஜெக்ட்டை விளக்கும் ரீட்மீ ஃபைலில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி அனுப்பிக் குவித்தார்கள். மாதம் பிறந்து சில நாளிலேயே, சம்மதித்த ரெப்போக்கள் மட்டும்தான் கணக்கில் வரும் என்று விதியைத் திருத்த வேண்டியதாயிற்று. அதைப் பார்த்த மெயின்டெய்னர் புதுப் பெயரைக் கண்டதும் தயங்குவதைக் குற்றம் சொல்ல முடியாது.

புதியவர்களை வரவேற்கும் இதே வேலையை, இலவச ஆபீஸ் மென்பொருளான லிப்ரேஆபீஸ் செய்யும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. 2010இல் ஓப்பன்ஆபீஸிலிருந்து பிரிந்து வந்த காலத்திலிருந்தே அங்கே 'ஈஸி ஹேக்' (புதியவர்களுக்கான சின்ன வேலை) என்ற பழக்கம் உண்டு. பிழைகளையும் வேலைகளையும் குறித்துவைக்கும் பக்ஸில்லாவில் வேலையைப் பதியும்போது கஷ்டத்தின் அளவு என்ன, எந்த மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று தனித்தனிக் குறிச்சொல் போடுகிறார்கள். எந்த ஃபைலில், எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்றும் எழுதச் சொல்கிறார்கள். இதற்கெல்லாம் மூலமான ஸ்டார்ஆபீஸ் ஜெர்மனியில் பிறந்ததால் கோடு முழுக்க ஜெர்மன் கமெண்டுகள் (விளக்கக் குறிப்புகள்) கிடந்தன. அவற்றை ஆங்கிலமாக்குவதையே ஓர் ஈஸி ஹேக்காக வைத்தார்கள்! அதன் புரோகிராமிங் மொழியான சி பிளஸ் பிளஸ் அரைகுறையாகத் தெரிந்தவரும் உள்ளே வரலாம். புதியவர்களுக்கு வழிகாட்டவே லிப்ரேஆபீஸின் அறக்கட்டளை சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

குறை இல்லாமலில்லை. சுமாரான லேப்டாப்பில் கோடை ஓடும் மென்பொருளாக்கும் முழு பில்ட் முடிய மணிக்கணக்காகும். கெரிட் (திருத்தங்களை அனுப்பிச் சரிபார்க்கும் தளம்) பழக வேண்டும். நம் கோடை எந்த உரிமத்தில் தருகிறோம் என்று ஒரு மெயில் அனுப்ப வேண்டும். கிட்ஹப்பின் சொகுசு எதுவும் கிடையாது.

சொகுசுக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் கிட்ஹப் லேபிளுக்குப் பத்துக்கு எட்டு. லிப்ரேஆபீஸ் ஆறைத் தாண்டாது. ஆனாலும் தம்பியை லிப்ரேஆபீஸுக்குத்தான் அனுப்புவேன். இல்லை, கிட்ஹப்தான் வேண்டும் என்று அவன் அடம்பிடித்தால் ஒன்று செய்யட்டும்: லேபிளைப் பார்க்கும் முன் மூடிய புல் ரிக்வெஸ்ட்டுகளைப் பார்க்கட்டும். முதல்முறை வந்தவர்களுக்கு மனுஷர் பதில் சொல்லியிருக்கிறாரா, எத்தனை நாளில் சொன்னார் என்பது அங்கே அப்பட்டமாகத் தெரியும்.

மெயின்டெய்னர்களுக்கும் ஒன்று. ரெப்போவின் ஆக்‌ஷன்ஸ் செட்டிங்கில், கிட்ஹப்புக்கே புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் அனுமதி கேட்கும்படி தளர்த்திக்கொள்ளலாம். எங்கள் லைப்ரரியில் அப்படித்தான் வைத்திருக்கிறோம். அந்தப் பூட்டைத் தளர்த்தப் பயமாக இருந்தால் வாரம் ஒருமுறை வந்து பட்டனையாவது அழுத்துங்கள். அதுவும் முடியாதென்றால் லேபிளைக் கழற்றிவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.