சின்னப்பிள்ளையளுக்கு ரீவி கேம்: புது ஸ்ரிக்கா, லண்டனில் இருந்து வந்த பழைய பெட்டியா?

மூன்று, நாலு வயதுப் பிள்ளைக்கு ரீவியில் கொழுவி விளையாட ஏதும் வாங்குவதென்றால் யாழ்ப்பாணத்தில் கைக்கு எட்டுவது மூன்று வகை. என் சாய்வு மூன்றாவது பக்கம்.

முதலாவது, மஞ்சள், வெள்ளை ஏவி வயரால் ரீவியில் கொழுவுகிற, பழைய காலத்து மலிவான 8 பிட் கேம் பெட்டி. மட்டையில் 9999 கேம் என்று போட்டிருக்கும்; உள்ளே சில பத்துக் கேம்கள்தான் பெயர் மாறி மாறி வரும். ஓடிக்கொண்டே பாயவும் சுடவும் வேண்டிய கேம்கள், ஏழு வயதுக்கு முன் சரிவராது. வயர் கொன்ரோலரின் கழுத்தடியில்தான் அறும். இரண்டு அங்குலம் வெட்டி, உள்ளே இருக்கிற ஐந்து நிற வயரையும் பழையபடி ஈயம் வைத்து ஒட்டினால் திரும்ப வேலை செய்யும்.

இரண்டாவது, எச்.டி.எம்.ஐ ஸ்ரிக், ரீவியின் எச்.டி.எம்.ஐ துளையில் செருகுகிற, கேம்கள் நிறைந்த சின்னக் குச்சி. படம் துப்புரவு, வயர் தொல்லை இல்லை. ஆனால் பட்டியல் முழுக்க ஆங்கிலம், ஆயிரக்கணக்கில். எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒவ்வொரு தடவையும் அம்மாவைக் கூப்பிடும். கூப்பிடாவிட்டால் சண்டைக் கேமுக்குள் போய் நிற்கும். ஸ்ரிக்குக்குக் கரண்ட் எடுக்கிற ரீவியின் யூ.எஸ்.பி துளையில் 500 மில்லி அம்பியர்தான் வருகிறதென்றால் சில ஸ்ரிக் இடையில் நின்று திரும்பத் தொடங்கும். போன் சார்ஜரில் கொழுவுங்கள். கேம்கள் இருக்கிற மெமரி கார்ட் மலிவானது, பழுதாகலாம்; வாங்கிய அன்றே கொம்பியூட்டரில் பிரதி எடுத்து வைக்க வேணும்.

மூன்றாவது, 2004இல் வீடெக் கொம்பனி விட்ட வி.ஸ்மைல் போன்ற, விளையாடிக்கொண்டே படிக்கிற கேம் பெட்டி. இங்கே கடையில் தேடிப் பயனில்லை, வெளிநாட்டுச் சொந்தக்காரர் தங்கள் பிள்ளைகள் பாவித்து முடிந்ததை அனுப்பினால்தான். சின்னக் கைக்கு ஏற்ற பெரிய ஜோய்ஸ்ரிக் தடி, நாலு நிறப் பொத்தான்கள். சிவப்பை அமத்து என்றால் மூன்று வயதுப் பிள்ளையே அமத்தும். கேம் இருக்கிற கட்டையான கட்றிஜைச் செருகினால் அந்த ஒரு கேம்தான் வரும், தேடிக் களைக்க ஒன்றுமில்லை. இதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆனால் எந்த நாட்டில் இருந்து வருகிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கு. லண்டன் பெட்டி என்றால் கவலையில்லை: அங்கேயும் 230 வோல்ட், இங்கேயும் 230, ரீவிப் படம் அனுப்புகிற முறையும் அங்கேயும் பால் (PAL), இங்கேயும் பால். ரொறன்ரோ மாமா அனுப்பியதென்றால் பிளக்கை மாற்றிச் செருகுவதற்கு முன் அடப்ரரின் முதுகை வாசியுங்கள். 100-240 என்றிருந்தால் சரி. 120 மட்டும் என்றால் இங்கத்தைய கரண்டில் புகைந்துவிடும். அதைத் தூக்கி வைத்துவிட்டு, பெட்டியின் துளைக்குப் பக்கத்தில் அச்சடித்த வோல்ட்டுக்கும் பிளஸ், மைனஸ் குறிக்கும் பொருந்துகிற ஒன்றை இங்கேயே வாங்கலாம். படமும் என்.ரி.எஸ்.சி (NTSC) என்ற வேறு முறை, பழைய படக்குழாய் ரீவியில் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது உருளும். புது எல்.ஈ.டி ரீவிகள் பெரும்பாலும் தாங்களாகவே பிடிக்கும். பிடிக்காவிட்டால் மெனுவில் கலர் சிஸ்டத்தை ஓட்டோவில் விடுங்கள்.

ஜேர்மனி, பிரான்ஸ் பெட்டிகளில் கரண்டும் ஒத்துவரும், படமும் வரும். ஆனால் கட்றிஜ் அந்தந்த மொழியில் கதைக்கும். நிறம், வடிவம் பொருத்துகிற விளையாட்டுக்குக் காரியமில்லை. எழுத்துப் படிப்பிக்க உதவாது. தமிழ்க் கட்றிஜை எதிர்பார்க்க வேண்டாம்.

புது ரீவியில் மஞ்சள், வெள்ளைத் துளைகளுக்குப் பதிலாக ஏவி என்று எழுதிய ஒரே சின்னத் துளைதான் இருக்கும். அதற்கு ரீவியோடு வந்த வயரையே தேடி எடுங்கள். வெளியில் வாங்குவதில் உள்ளே வயர்களின் ஒழுங்கு மாறியிருக்கலாம். படம் வராமல் இரைச்சல் மட்டும் கேட்டால் மஞ்சளைச் சிவப்பில் மாற்றிக் கொழுவிப் பாருங்கள், பல வேளை அதோடு சரிவரும்.

கட்றிஜ் வாசிக்காவிட்டால் வாயால் ஊதாதீர்கள், எச்சில் பட்டுக் களிம்பு பிடிக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரப்பைல் அற்ககோல் தொட்டு, பித்தளை நிறப் பற்களைத் துடைத்துக் காயவிட்டுச் செருகுங்கள். பற்றரி போட்டுப் பாவித்தால், மாதக்கணக்கில் சும்மா வைக்கும்போது கழற்றி எடுத்துவிடுங்கள்.