ஜம்பர் ஒயரா, லேன் கேபிளா? சில்லறைச் சாமான்களில் எங்கே சிக்கனம் செய்யலாம்

எலக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்கில் பெரிய கருவிகளை ஒருமுறைதான் வாங்குகிறோம். திரும்பத் திரும்பக் காசு போவது ஒயர், பிளக், அடாப்டர், கேபிள் போன்றவற்றுக்குத்தான். இவற்றைத் தொகுப்பாக வாங்கலாம், உதிரியாக வாங்கலாம், பழைய சாதனங்களிலிருந்தும் எடுக்கலாம். எது லாபம் என்பது பொருளுக்குப் பொருள் மாறும்.

ப்ரெட்போர்டு ஒயர்

ப்ரெட்போர்டு என்பது ஈயம் வைக்காமல் பாகங்களைத் துளைகளில் செருகி சர்க்யூட் அமைக்கும் பலகை. அதில் செருக இரு முனையிலும் பின் வைத்து வரும் சிறு ஒயர்தான் ஜம்பர். கட்டாக வரும் மலிவு ஜம்பர் ஒயர்களில் இரண்டு கோளாறுகள். ஒன்று, முனையில் ஒயரை நெருக்கிப் பிடிக்கும் உலோகப் பிடி (கிரிம்ப்) தளர்ந்திருக்கும். வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே தொடர்பு விட்டுவிட்டு வரும். இரண்டு, சிலவற்றில் செம்புப் பூச்சு போட்ட இரும்பு இழை இருக்கும். காந்தம் ஒட்டினால் இரும்புதான். புதுக் கட்டைப் பிரித்ததுமே ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரின் கன்டினியுட்டியில் (தொடர்பு இருந்தால் பீப் ஒலிக்கும் நிலை) வைத்து, இரு முனையையும் லேசாக அசைத்துப் பாருங்கள். பீப் ஒலி விட்டுப்போகும் ஒயரை அப்போதே ஒதுக்கிவிட்டால், பின்னால் சர்க்யூட்டைச் சந்தேகித்து அலைய வேண்டாம்.

இதற்கு எதிராக லேன் கேபிள். கேட்-5இ கேபிளில் நான்கு ஜோடி, மொத்தம் எட்டு இழை. ஒரு மீட்டர் கேபிளைப் பிரித்தால் எட்டு நிறத்தில் எட்டு மீட்டர் ஒயர். 24 கேஜ் (தடிமன் எண், எண் குறைந்தால் கம்பி தடிமன்), அதாவது சுமார் 0.5 மி.மீ. ஒற்றைக் கம்பி ப்ரெட்போர்டில் கச்சிதமாக உட்காரும். தேவையான நீளத்துக்கு வெட்டிப் போர்டோடு படியவைக்கலாம். ஆனால் சுவருக்குள் போகும் வகைக் கேபிளாக இருக்க வேண்டும். பிளக் போட்டு விற்கும் பேட்ச் கார்டில் பெரும்பாலும் பல்லிழை ஒயர். துளைக்குள் நுழையாமல் மடங்கும். வெட்டிய முனையில் நடுப்பகுதி வெள்ளியாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், நாலு தடவை மடக்கினால் ஒடிந்துவிடும், வேண்டாம்.

லேன் ஒயரின் குறை, சூடு பட்டால் உறை உருகிப் பின்வாங்குவது. அசையும் பகுதிகளுக்கும் ஒற்றைக் கம்பி உதவாது. ஆக, நிலையான சர்க்யூட்டுக்கு லேன் கேபிள், சென்சாரோ மோட்டாரோ வெளியே தொங்கினால் பரிசோதித்த ஜம்பர்.

பழைய கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க்கை இணைக்கும் பட்டைக் கேபிளான ஐடிஇ ரிப்பனையும் சிலர் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கம்ப்யூட்டர் போர்டின் 40 கால்களில் மாட்டுகிறார்கள். 80 இழை ரிப்பனை அங்கே மாட்டவே கூடாது. அதன் கனெக்டருக்குள் கிரவுண்ட் கால்கள் எல்லாம் ஒன்றாக இணைந்திருக்கும். 2-ஆம் காலும் 30-ஆம் காலும் அவற்றில் அடக்கம். ராஸ்பெர்ரி பையில் 2-ஆம் கால் 5 வோல்ட், 30-ஆம் கால் கிரவுண்ட். மாட்டியதும் நேரடி ஷார்ட்.

பவர்

இங்குதான் பழைய பொருள் தெளிவாக ஜெயிக்கிறது. ஓரங்கட்டிய ரவுட்டரின் 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர், பெயரே இல்லாத புது மலிவு அடாப்டரைவிட நம்பகமானது. மலிவுச் சரக்கில் மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே போதிய இடைவெளி விடாமல் செய்திருப்பார்கள். அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மலிவுச் சரக்கை வாங்கிச் சிக்கனம் செய்யக் கூடாத ஒரே இடம் இதுதான்.

பழையதிலும் கனமான டிரான்ஸ்ஃபார்மர் வகையில் கவனம் தேவை. 12 என்று அச்சிட்டிருக்கும், லோடு இல்லாமல் அளந்தால் 16 வோல்ட் காட்டலாம். பிளக்கையும் பாருங்கள்: வெளிவிட்டம் 5.5 மி.மீ. என்றாலும் உள்துளை 2.1, 2.5 என இரண்டு வகை. 2.5 பிளக் 2.1 ஜாக்கில் நுழையும், ஆனால் தொடர்பு ஆடி ஆடி சர்க்யூட் ரீசெட் ஆகும்.

12-லிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்க, மிச்ச வோல்ட்டைச் சூடாக்கிக் கழிக்கும் 7805 ஐசியா, வேகமாக ஆன்-ஆஃப் செய்து இறக்கும் எல்எம்2596 மாட்யூலா? 7805-இல் அரை ஆம்பியர் எடுத்தால் 7 × 0.5 = 3.5 வாட் வெறும் சூடாகிறது. சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு (ஹீட்சிங்க்) இல்லாமல் நிற்காது. 100 மில்லி ஆம்பியருக்குள் என்றால் மின் இரைச்சல் இல்லாத வெளியீடு என்பதால் ஆடியோவுக்கு அதுவே மேல். மற்ற எல்லாவற்றுக்கும் மாட்யூல். 3 ஆம்பியர் என்று விற்றாலும் 2-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்யூட்டை இணைக்கும் முன்பே மாட்யூலில் உள்ள சிறு திருகைச் சுற்றி வெளியீட்டை 5 வோல்ட்டுக்கு வையுங்கள். புது மாட்யூலில் பல சுற்று திருப்பிய பிறகே மீட்டர் முள் இறங்கத் தொடங்கலாம், பழுது என்று தூக்கிப்போட வேண்டாம்.

யுஎஸ்பி கேபிள்

உறையில் அச்சிட்டிருக்கும் கேஜ் எண்ணைப் படியுங்கள். 28 கேஜ் பவர் இழையில், ஒரு மீட்டர் போக வர சுமார் 0.43 ஓம், 1 ஆம்பியர் இழுத்தால் 5 வோல்ட் 4.57 ஆகிறது. ராஸ்பெர்ரி பை 4.63-க்குக் கீழே போனதும் மின்னழுத்தம் குறைவு என்று எச்சரிக்கும். 24 கேஜில் இழப்பு 0.17 வோல்ட்தான். நீளத்தைக் குறைத்தாலும் அதே பலன்.

மற்றவை

ரெசிஸ்டர் தொகுப்பில் பாதி மதிப்புகள் பெட்டியிலேயே கிடக்கும். 220 ஓம், 330 ஓம், 1கே (ஆயிரம் ஓம்), 4.7கே, 10கே, 100கே ஆகியவற்றில் நூறு நூறாக வாங்குவது மேல். பழைய போர்டுகளிலிருந்து எல்ஈடி, ஸ்விட்ச், ஹீட்சிங்க் கழற்றலாம். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் மட்டும் புதிதாக. இன்சுலேஷன் டேப் சூட்டில் பசை இளகி அவிழும், சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட்ஷ்ரிங்க் குழாய் அவிழாது.

முதலை கிளிப் ஒயரை மலிவாகவே வாங்கலாம். ரப்பர் உறையைப் பின்னுக்கு இழுத்தால், ஒயரைச் சும்மா நெருக்கி வைத்திருப்பது தெரியும். அங்கே ஒரு சொட்டு ஈயம் வைத்து உறையை மூடிவிட்டால் விலை கூடிய ஒயருக்கு ஈடாக உழைக்கும்.