பிழை இருக்கும் இடத்தை யார் காட்டுவது? எஸ்ஏடி, ஏசிடி, ஸ்டார்: மூன்று ஆங்கிலத் தேர்வுகளின் ஒப்பீடு

உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா, பிழையோடு எழுதியிருப்பதைச் சீர்செய்ய முடிகிறதா என்ற இரண்டையும் ஒரே தேர்வில் அளப்பது எளிதாகத் தோன்றும் கடினமான வேலை. அமெரிக்காவில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்யும் தேர்வுகளில் மூன்றை இங்கே ஒப்பிடுகிறேன். எஸ்ஏடியும் ஏசிடியும் கல்லூரிச் சேர்க்கைக்கானவை. 2012 முதல் டெக்சாஸ் மாநிலப் பள்ளிகளில் நடந்துவரும் ஸ்டார் தேர்வில் ‘இங்கிலிஷ் ஒன்று’, ‘இங்கிலிஷ் இரண்டு’ என்ற பாடங்களின் முடிவில் எழுதும் தாள்கள் பள்ளிப் படிப்பை முடிப்பதற்கான நிபந்தனையோடு இணைந்தவை. நோக்கம் வேறு என்பதால் மூன்றையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் மூன்றும் தாங்கள் அளப்பதாகச் சொல்வது ஏறத்தாழ ஒரே திறன்களைத்தான். ஆகவே ஒரு கேள்வியை மட்டும் மூன்றிடமும் கேட்கலாம் என்று எண்ணுகிறேன்: விடையோ பிழையோ இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு மாணவரிடம் இருக்கிறதா, அல்லது அந்தப் பொறுப்பை வினாத்தாளே எடுத்துக்கொள்கிறதா?

முதலில் வாசிப்பு. 2016 முதல் நடைமுறையில் இருந்த காகித வடிவ எஸ்ஏடியில் வாசிப்புப் பகுதி 65 நிமிடங்களில் 52 வினாக்களைக் கொண்டிருந்தது. ஒவ்வொரு பத்தித் தொகுப்பும் 500 முதல் 750 சொற்கள் வரை நீண்டது. அதன்மேல் பத்துப் பதினொரு வினாக்கள் வந்தன. வெளிநாடுகளில் 2023 மார்ச்சிலும் அமெரிக்காவில் 2024 மார்ச்சிலும் தேர்வு கணினிக்கு மாறியபோது இந்த அமைப்பு முற்றிலும் போய்விட்டது. இப்போது வாசிப்பும் எழுத்தும் ஒரே பகுதி. 64 நிமிடங்களில் 54 வினாக்கள். 32 நிமிடம் கொண்ட இரண்டு கூறுகள். ஒவ்வொரு வினாவுக்கும் தனியாக 25 முதல் 150 சொற்கள் கொண்ட ஒரு சிறு பத்தி, அதற்கு ஒரே ஒரு கேள்வி. முதல் கூறில் மாணவர் எப்படிச் செய்தார் என்பதைப் பொறுத்து இரண்டாம் கூறின் கடினம் கூடும் அல்லது குறையும்.

இந்த மாற்றத்துக்குச் சார்பாகச் சொல்லக்கூடியவை உண்டு. அவற்றை ஒதுக்கிவிட முடியாது. நீண்ட பத்தியொன்று ஒரு மாணவருக்குப் பிடிபடாமல் போனால் அதன்மேல் வரும் பத்து வினாக்களும் சேர்ந்து சரிந்துவிடும். ஒரே தடுமாற்றத்துக்குப் பத்துமுறை தண்டனை கொடுத்தது போலாகும். தனித்தனிச் சிறு பத்திகளில் அந்த ஆபத்து இல்லை. ஒரு தலைப்பில் ஏற்கெனவே அறிவுள்ளவர் பெறும் ஆதாயமும் ஐம்பது தலைப்புகளில் கரைந்து குறைகிறது. அளவீட்டு நோக்கில் இவை மெய்யான நன்மைகள்.

இழப்போ வேறொரு இடத்தில் நேர்கிறது. நூறு சொற்கள் கொண்ட பத்தியில் விடை எங்கே இருக்கிறது என்ற தேடலே கிடையாது. அது கண்முன்னே மூன்று வாக்கியங்களுக்குள் இருக்கிறது. ஆசிரியர் முதலில் ஒன்றைச் சொல்லி, நடுவில் அதற்கு எதிரான வாதத்தை எடுத்துவைத்து, பின்னர் முதல் கருத்தைச் சற்றே மாற்றிக்கொண்டு முடிக்கும் ஒரு கட்டுரையைப் படிக்கும்போது, தொடக்கத்தில் படித்ததை மனத்தில் தாங்கிக்கொண்டே முடிவை அதனோடு பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. கல்லூரியில் பாடநூலைத் திறக்கும் மாணவருக்கு முதல் நாளிலேயே தேவைப்படும் திறன் அது. பழைய எஸ்ஏடியில் ஒரு வினாவுக்கு விடையளித்த பின், ‘முந்தைய விடைக்குச் சிறந்த சான்று எந்த வரிகளில் உள்ளது?’ என்று அடுத்த வினா கேட்கும் முறை இருந்தது. ஊகித்து எழுதியவரை அந்த இரண்டாம் வினா காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு வினாவும் தனித்து நிற்கும் புதிய அமைப்பில் அந்த இணைப்புக்கு இடமில்லை. சான்றைப் பற்றிய வினாக்கள் இப்போதும் உள்ளன. ஆனால் அவற்றில் ஒரு கூற்றையும் நான்கு சான்றுகளையும் தேர்வே கொடுத்துவிடுகிறது, மாணவர் பொருத்தினால் போதும்.

ஏசிடி இந்த வகையில் பழைமைவாதி என்றே சொல்லலாம். நீண்ட பத்தியும் அதன்மேல் தொடர் வினாக்களும் என்ற வடிவத்தை அது விடவில்லை. அதன் குறை நேரம். நெடுங்காலம் 35 நிமிடங்களில் 40 வினாக்கள் என்று இருந்தது. பத்தியைப் படிக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு வினாவுக்கு 53 விநாடி கூடக் கிடைக்காது. நிதானமாகப் படிப்பவரை அது வாசிக்கத் தெரியாதவரின் பக்கத்தில் உட்கார வைத்தது. 2025இல் அறிமுகமான புதிய வடிவத்தில் 40 நிமிடங்களுக்கு 36 வினாக்கள், அதாவது ஒரு வினாவுக்கு ஏறத்தாழ 67 விநாடிகள். எஸ்ஏடியில் அது 71 விநாடியாக வருகிறது என்பதால் எண்ணளவில் இரண்டும் இப்போது அருகருகே வந்துவிட்டன. எனினும் நீண்ட பத்தியைப் படித்தாக வேண்டிய சுமை ஏசிடியில் இருக்கிறது என்பதை மறந்து இந்த எண்களை ஒப்பிடக் கூடாது.

ஸ்டார் தேர்வின் வாசிப்புப் பகுதிதான் மூன்றிலும் விரிவானது. ஸ்டாரின் வினாக்களில் பல்தேர்வு வகை 75 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று டெக்சாஸ் சட்டமன்றம் 2019இல் சட்டம் இயற்றியது. அதன்படி 2023 வசந்தத்தில் தேர்வு புதிய வடிவம் பெற்றது. இரண்டு பாகங்களாக வந்து, முதல் பாகத்தில் விடையையும் இரண்டாம் பாகத்தில் அதற்கான சான்றையும் கேட்கும் வினாக்கள் இதில் உள்ளன. எஸ்ஏடி கைவிட்ட ஒன்றை ஸ்டார் வைத்துக்கொண்டிருக்கிறது. பத்தியிலேயே பொருத்தமான வாக்கியத்தைச் சுட்டிக் காட்டச் சொல்லும் வினாக்களும், ஓரிரு வாக்கியங்களில் சொந்தமாக எழுதிச் சான்று காட்ட வேண்டிய குறுவிடைகளும் உண்டு. இடத்தைத் தேடும் வேலை இங்கே மாணவருடையது.

இதைப் பாராட்டும்போதே ஒன்றைச் சொல்ல வேண்டும். 2017 தொடக்கத்தில் அமெரிக்கப் பெண் கவிஞர் ஒருவர், தம் கவிதைகளை வைத்து டெக்சாஸ் மாநிலத் தேர்வில் நடுநிலை வகுப்புகளுக்குக் கேட்கப்பட்டிருந்த வினாக்களில் சிலவற்றுக்குத் தம்மாலேயே விடை சொல்ல முடியவில்லை என்று எழுதினார். கவிஞர் கவிதையை ஏன் இரண்டு பத்திகளாகப் பிரித்தார் என்பது போன்ற வினாக்கள் எழுதியவரின் மனத்தைப் பற்றியவை. அந்த மனத்துக்குச் சொந்தக்காரரிடம் யாரும் கேட்கவில்லை. பனுவலில் இருப்பதைக் கேட்கும் வினாவுக்கும், வினா எழுதியவரின் ஊகத்தைக் கேட்கும் வினாவுக்கும் உள்ள வேறுபாடு இது. வினாவின் வடிவத்தை எவ்வளவு மாற்றினாலும் இந்தக் குறை தானாகப் போகாது. வினா எழுதுபவரின் கவனத்தால் மட்டுமே போகும்.

இனித் திருத்தம். என் கேள்வி கூர்மையாவது இங்கேதான்.

கணினி எஸ்ஏடியில் இலக்கண, நிறுத்தக்குறி வினாக்கள் கோடிட்ட இடத்தை நிரப்பும் வடிவில் வருகின்றன. பத்தியில் ஓர் இடம் வெற்றாக இருக்கும். நான்கு தெரிவுகளில் செந்தர ஆங்கில மரபுக்குப் பொருந்துவதை எடுத்து அங்கே வைக்க வேண்டும். இது இலக்கண அறிவைச் சோதிக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இதைத் திருத்தம் என்று அழைக்க முடியாது. திருத்தம் என்பது ஏற்கெனவே எழுதப்பட்டு, சரியாக இருப்பது போலத் தோன்றும் ஒன்றை ஐயத்தோடு படிப்பது. வெற்றிடம் ஐயத்துக்கு வேலை வைப்பதில்லை. 2016 வடிவ எஸ்ஏடியில் 400 முதல் 450 சொற்கள் கொண்ட நான்கு பத்திகளில் அடிக்கோடிட்ட பகுதிகள் இருந்தன, ‘மாற்றம் வேண்டாம்’ என்ற தெரிவும் பல வினாக்களில் இருந்தது. அதை விட்டது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன்.

ஏசிடி அந்த முறையை இன்னமும் காக்கிறது. அதன் ஆங்கிலப் பகுதி முன்பு 45 நிமிடங்களில் 75 வினாக்களாக இருந்தது. புதிய வடிவத்தில் 35 நிமிடங்களில் 50 வினாக்கள். தொடர் பத்தியில் சொற்றொடர்கள் அடிக்கோடிடப்பட்டிருக்கும். அப்படியே விடலாமா, மாற்ற வேண்டுமா என்று மாணவர் முடிவு செய்ய வேண்டும். ‘மாற்றம் வேண்டாம்’ என்ற தெரிவு சிறிய விஷயம் போலத் தெரிந்தாலும் அதன் பங்கு பெரிது. சரியானதைச் சரி என்று அறிந்து கைவைக்காமல் விடுவது திருத்துபவருக்கு வேண்டிய முதல் ஒழுக்கம். அந்த ஒழுக்கம் இல்லாதவர் ஒரு பிழையைத் திருத்தும்போது இரண்டு பிழைகளைச் சேர்த்துவிடுவார். பத்தி தொடர்ச்சியாக இருப்பதால், ஒரு வாக்கியம் தன்னளவில் சரியாக இருந்தும் முன்னுள்ள காலத்தோடு ஒத்துப்போகாத இடங்களையும் ஏசிடியால் கேட்க முடிகிறது. சிறு பத்தியால் அதை அவ்வளவாகச் செய்ய முடியாது.

ஸ்டார் இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. மாணவர் ஒருவர் எழுதியதாகக் கொடுக்கப்படும் பத்தியில் வாக்கியங்களுக்கு எண் இருக்கும். ‘இந்த எண்ணுள்ள வாக்கியத்தில் என்ன மாற்றம் செய்ய வேண்டும்?’ என்பது வினா. எஸ்ஏடி காட்டுவது வெற்றிடம், ஏசிடி காட்டுவது சொற்றொடர், ஸ்டார் காட்டுவது முழு வாக்கியம். சுட்டும் பரப்பு விரிய விரிய மாணவரின் தேடல் கூடுகிறது. ‘தி லிஸ்ட் ஆஃப் பிளேயர்ஸ் ஆர் ரெடி’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘ஆர்’ என்ற சொல்லின் கீழ் கோடு போட்டுவிட்டால், வினைச்சொல்லில்தான் சிக்கல் என்று தெரிந்துவிடும். எழுவாய் ‘பிளேயர்ஸ்’ அன்று, ‘லிஸ்ட்’ என்று யோசித்து ‘இஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்கப் பலரால் முடியும். கோடு இல்லாமல் ஒரு பக்கத்தின் நடுவே அதே வாக்கியம் வந்தால், ‘பிளேயர்ஸ்’ என்ற பன்மை அருகிலேயே நிற்பதால் காதுக்கு அது சரியாகவே ஒலிக்கும். அதே மாணவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். விதி தெரியாமல் நேர்வதன்று இது. விதியை நினைவுகூர வேண்டிய இடம் இது என்று யாரும் சொல்லாததால் நேர்வது. கட்டுரை திருத்தியிருக்கும் எந்த ஆசிரியரும் இதைப் பலமுறை கண்டிருப்பார்: தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய விதியைத் தன் கட்டுரையில் மீறும் மாணவர்.

ஸ்டார் தேர்வு மாணவரைச் சொந்தமாகவும் எழுத வைக்கிறது. திருத்தப் பகுதியிலும் வாக்கியங்களை இணைத்தோ மாற்றியோ தாமே எழுத வேண்டிய குறுவிடை உண்டு. கட்டுரை வினாவில் கருத்தும் அமைப்பும் சேர்ந்து 3, மொழி மரபு 2 என்று ஒரு மதிப்பீட்டுக்கு 5; இரண்டு மதிப்பீடுகள் கூட்டப்பட்டு 10. தெரிவுகளே இல்லாத இடத்தில் மாணவரின் இலக்கணம் எப்படி நிற்கிறது என்பதை அந்த 2 மதிப்பெண்கள் காட்டுகின்றன. 2023 டிசம்பர் முதல் இந்த எழுத்து விடைகளைப் பெரும்பாலும் கணினி நிரல் மதிப்பிட்டு, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மட்டும் மனிதர்கள் பார்க்கும் முறை வந்திருக்கிறது. எழுத வைப்பதற்காகத் தேர்வை மாற்றிவிட்டு, எழுதியதைப் படிக்கும் மனிதர்களைக் குறைப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

பிழையைத் தேட வைக்கும் முறைக்கும் தனி இடர் உண்டு. 2005 முதல் 2016 வரையிலான எஸ்ஏடி எழுத்துப் பகுதியில் ஒரு வாக்கியத்தில் நான்கு இடங்களை அடிக்கோடிட்டு, எதில் பிழை அல்லது எதிலும் பிழையில்லையா என்று கேட்கும் வினாக்கள் 18 இருந்தன. அதே வகை வினா அதற்கு முன்பே, எஸ்ஏடிக்கு முன்னோட்டமாக மாணவர்கள் எழுதும் பிஎஸ்ஏடி தேர்விலும் இருந்தது. 2002இல் அங்கே வந்த ஒரு வாக்கியம் டோனி மோரிசனின் மேதைமை ‘அவரை’ நாவல்கள் படைக்க வைக்கிறது என்னும் பொருளில் அமைந்திருந்தது. பிழையில்லை என்பதே விடை என்று தேர்வு நடத்தியவர்கள் வைத்திருந்தனர். வேற்றுமை உருபேற்று உடைமைப் பொருளில் நிற்கும் பெயரை ஒரு சுட்டுப்பெயர் சுட்ட முடியாது என்ற பழைய விதியை எடுத்துக்காட்டி ஓர் ஆசிரியர் விடாமல் வாதிட்டதால், 2003இல் அந்த வினா நீக்கப்பட்டு மதிப்பெண்கள் மறுபடி கணக்கிடப்பட்டன. பெரும்பாலான இலக்கணவாதிகள் ஏற்காத விதி அது என்பது ஒருபுறம் இருக்க, ‘பிழையில்லை’ என்று உறுதியாகச் சொல்வதற்கு எல்லா விதிநூல்களின் சம்மதமும் வேண்டியிருக்கிறது என்பதை அந்த நிகழ்வு காட்டியது. வெற்றிடம் நிரப்பும் வடிவத்தைத் தேர்வு நடத்துபவர்கள் விரும்புவதில் வியப்பில்லை. அங்கே நான்கு தெரிவுகளில் ஒன்று மற்றவற்றைவிடச் சரி என்று நிறுவினால் போதும்.

ஆகவே என் தீர்ப்பு ஒரே திசையில் இல்லை. பல்லாயிரம் மாணவர்களை ஒரே நாளில் ஒரே அளவுகோலால் வரிசைப்படுத்த வேண்டுமென்றால் எஸ்ஏடியின் புதிய வடிவம் சிக்கனமானது. திருத்தத்தை மட்டும் பார்த்து, கல்லூரிச் சேர்க்கைக்கான இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஏசிடியை எடுப்பேன். வாசிப்புக்கும், மாணவர் தாமே எழுதுவதற்கும் ஸ்டார் வடிவமே மேல், கவிதை வினாக்களை ஒரு நல்ல வாசகர் முன்கூட்டியே படித்துப் பார்ப்பார் என்றால்.

வகுப்பறையில் தாமே வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியருக்கு இந்த மூன்றின் கட்டுப்பாடுகளும் இல்லை. அவர் ஒரு பக்கப் பத்தியை எந்த அடையாளமும் இல்லாமல், எத்தனை பிழைகள் என்றும் சொல்லாமல் கொடுக்கலாம். அதில் எழுவாய்ப் பயனிலை இயைபுப் பிழை இரண்டு, முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் மட்டும் ஒட்டிய இடம் ஒன்று, காலம் தடம் மாறிய இடம் ஒன்று, தவறு போலத் தோன்றினாலும் சரியான வாக்கியங்கள் இரண்டு என்று அமைத்தால் போதும். மதிப்பெண் இடும்போது பிழையைக் கண்டதற்கு ஒன்று, சரியாக மாற்றியதற்கு இன்னொன்று என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். கண்டுபிடித்தும் மாற்றத் தெரியாதவரும், காட்டினால் மாற்றக்கூடியவரும் வெவ்வேறு உதவி தேவைப்படுபவர்கள். சரியாக இருந்த வாக்கியத்தைக் கெடுத்ததற்கு ஒன்றைக் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் மாற்றிவிடும் மாணவர், நின்று படித்துப் பார்த்தவரைவிட அதிக மதிப்பெண் பெற்றுவிடுவார்.