மாநாடு, ஆன்லைன் பாடம், ஆடிட், சிறு குழு: மருத்துவர் தன் படிப்பு நேரத்தை எங்கே போடலாம்?

மருத்துவராகத் தொழில் செய்யும் பதிவைப் புதுப்பிக்க இத்தனை கிரெடிட் புள்ளி வேண்டும் என்ற விதி இப்போது பல நாடுகளில் இருக்கிறது. அதனால் சி.எம்.இ. (தொடர் மருத்துவக் கல்வி) என்றதும் நம்மில் பலர் முதலில் கேட்பது, "இதுக்கு எத்தனை பாயிண்ட்?" கேட்பதில் தவறில்லை. ஆனால் அதே நேரத்தைச் செலவழித்தால் எந்த வழியில் நம் ஓ.பி.யில் ஏதாவது மாறும் என்று பார்த்தால், வரிசை வேறு மாதிரி அமைகிறது. இங்கே நான்கு வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் சாய்வையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: சொந்தக் கேஸ் ஷீட்டுகளை ஆடிட் செய்வதற்கும் (செய்ய வேண்டியதைச் செய்தோமா என்று எண்ணிப் பார்ப்பதற்கும்) சிறு குழுவில் கேஸ் பேசுவதற்கும் நாம் கொடுக்கும் நேரம் மிகக் குறைவு.

முதலில் மாநாடு. நிபுணர் மேடையில் பேசுகிறார், நாம் கேட்கிறோம், நிறைவோடு திரும்புகிறோம். மருத்துவக் கல்வி ஆய்வாளர் டேவ் டேவிஸும் அவருடைய குழுவும் 1999இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் இதுபற்றிய சோதனைகளைத் தொகுத்தார்கள். உரையைக் கேட்பதோடு நின்ற நிகழ்ச்சிகள் மருத்துவர்களின் செயல்பாட்டை மாற்றியதாகத் தெரியவில்லை. பங்கேற்பவர்கள் பேசவும் செய்து பார்க்கவும் இடம் தந்தவற்றில் மாற்றம் தெரிந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2009 தொகுப்பு கொஞ்சம் நம்பிக்கை தருகிறது: கல்விக் கூட்டங்களால் பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சை முறையைப் பின்பற்றுவது கூடியது, நடுமதிப்பில் சுமார் 6 சதவீதப் புள்ளி. அதிலும் உரையும் கலந்துரையாடலும் சேர்ந்திருந்தால் பலன் கூடுதல். மாற்ற வேண்டிய பழக்கம் சிக்கலானதாக இருந்தால் பலன் குறைவு.

காரணம் ஊகிக்கக்கூடியதுதான். சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்பது எல்லா மருத்துவருக்கும் தெரியும். வெளியே பெரிய வரிசை காத்திருக்கும்போது, "போன தடவை அந்த மாத்திரையிலதான் சரியாச்சு" என்று எதிரே இருப்பவர் அழுத்திச் சொல்லும்போது என்ன பேசுவது என்பதுதான் தெரியவில்லை. அந்தத் தருணம் மாநாட்டு அரங்குக்குள் வருவதே இல்லை. புதிய மருந்து வகை, மாறிப்போன வழிகாட்டுதல், அதுவரை கேள்விப்படாத நோய் ஆகியவற்றை அறிந்துகொள்ள மாநாடு நல்ல இடம். இடைவேளையில் பழைய நண்பரிடம், "நீங்க இதை எப்படிப் பார்க்கிறீங்க?" என்று கேட்பதும் நிஜமான கல்விதான்.

செலவை மருந்து நிறுவனம் ஏற்கும் நிகழ்ச்சி என்றால் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அமெரிக்கத் தரவுகளை வைத்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நிறுவனம் தந்த ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் அதன் பிராண்டைக் கூடுதலாக எழுதுவதற்கும் தொடர்பு தெரிந்தது. சாப்பாடுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. என்றாலும் நான் கட்டணம் கட்டிப் போகும் கூட்டத்தையே தேர்ந்தெடுப்பேன்.

ஆன்லைன் பாடத்தின் பலம் எல்லாருக்கும் தெரிந்தது. நைட் ட்யூட்டி முடிந்தும் படிக்கலாம், பாதியில் நிறுத்தலாம், ஊரை விட்டு நகர வேண்டாம். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கிறதா? பயிற்சி மருத்துவர்களிடம் நடத்திய ஒரு சோதனை 2009இல் வெளியானது. இடைவெளி விட்டுப் பலமுறை தேர்வு எழுதியவர்களுக்கு, அதே பாடத்தைத் திரும்பப் படித்தவர்களைவிட ஆறு மாதம் கழித்தும் கூடுதலாக நினைவிருந்தது. ஒரு மணி நேர வீடியோவும் கடைசியில் ஐந்து கேள்வியும் உள்ள பாடத்தைவிட, சில வாரங்களுக்கு நாளுக்கு இரண்டு கேள்வி அனுப்பும் பாடம் மேல். கைத்திறன் விஷயம் வேறு. உயிர்மீட்புச் சிகிச்சை போன்றவை சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். அவற்றுக்கு மாதிரி உடலில் கை வைத்துப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

மாநாட்டுக்கும் ஆன்லைனுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. எதைப் படிப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கிறோம். இதய நோயில் ஆர்வம் உள்ளவர் மறுபடியும் இதய நோயைத்தான் தேடிப் போவார். மருத்துவர்கள் தங்கள் திறமையைத் தாங்களே எவ்வளவு சரியாக மதிப்பிடுகிறார்கள் என்று டேவிஸ் குழு 2006இல் பார்த்தது. வெளி அளவீட்டோடு ஒப்பிட்டபோது பெரும்பாலான ஆய்வுகளில் பொருத்தம் மிகக் குறைவு. திறமை குறைந்தவர்களிடமும் அதிகத் தன்னம்பிக்கை உள்ளவர்களிடமும் இடைவெளி பெரிது. நமக்கு எது தெரியவில்லை என்பதை நம் மனசு சரியாகச் சொல்லாது. அதைக் கேஸ் ஷீட் சொல்லும்.

அதனால்தான் ஆடிட்டை முன்னால் வைக்கிறேன். கடைசியாக வந்த இருபது சர்க்கரை நோயாளிகளின் கேஸ் ஷீட்டை எடுங்கள். இந்த வருஷம் காலைப் பரிசோதித்ததாக எத்தனையில் எழுதியிருக்கிறது? சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் இருக்கிறதா என்று எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறோம்? கண் பரிசோதனைக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேரின் ரிப்போர்ட் திரும்பி வந்திருக்கிறது? ஒரு மதியம் போதும். இந்தக் கேள்விகளுக்கான பதிலெல்லாம் நமக்கு எப்போதோ தெரிந்த மருத்துவம்தான். காலைப் பார்க்காமல் விட்டதற்குக் காரணம், பல சமயம், நோயாளி செருப்பையும் சாக்ஸையும் கழற்றி உட்கார ஓர் இடம் இல்லாததாக இருக்கும். நர்ஸ் முன்கூட்டியே கழற்றி உட்காரச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. எந்த உரையும் இதை நமக்குச் சொல்லித் தராது.

ஆடிட்டிலும் மிகையான எதிர்பார்ப்பு வேண்டாம். 2012இல் வந்த காக்ரேன் தொகுப்பு 140 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. முன்னேற்றத்தின் நடுமதிப்பு 4.3 சதவீதப் புள்ளி. அதாவது மாநாட்டுக்குச் சொன்ன எண்ணைவிடப் பெரிதல்ல. ஆனால் ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம் மிகப் பெரிது, அந்த வித்தியாசத்தில்தான் நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. தொடக்க நிலை மோசமாக இருந்த இடங்களில் பலன் கூடியது. கணக்கை மேலதிகாரியோ சக மருத்துவரோ சொன்னபோதும், ஒருமுறையோடு நிற்காமல் திரும்பச் சொன்னபோதும், எழுத்திலும் பேச்சிலும் சொன்னபோதும், இலக்கும் செயல்திட்டமும் கூடவே இருந்தபோதும் பலன் அதிகம். ஆக, எண்ணை எடுத்து ஃபைலில் வைத்துவிட்டால் வீண். அதைக் கொண்டுபோய்ப் பேச நாலு பேர் வேண்டும்.

அப்புறம் சிறு குழு. இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, சிகிச்சையைப் பற்றிப் பேசுவது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய எக்கோ திட்டம் இதற்கு நல்ல உதாரணம். ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் நோய் உள்ளவர்களைப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வரவழைப்பதற்குப் பதிலாக, சிற்றூர் மற்றும் சிறை மருத்துவர்கள் தங்கள் கேஸ்களை வீடியோவில் வாரந்தோறும் நிபுணர்களிடம் விவாதித்தார்கள். 407 நோயாளிகளின் முடிவு 2011இல் வெளியானது. வைரஸ் நீங்கியவர்கள் பல்கலைக்கழகத்தில் 57.5 சதவீதம், எக்கோ இடங்களில் 58.2 சதவீதம். தன் நோயாளியைப் பற்றியே கேட்டு, அடுத்த நாளே செய்து பார்த்துக் கற்றவர்கள் அவர்கள்.

இன்னொன்று, மருத்துவராக வாழ்வதைப் பற்றிப் பேசுவது. மற்ற மூன்று வழிகளும் இதைத் தொடுவதே இல்லை. உளப்பகுப்பாய்வு மருத்துவர் மைக்கேல் பாலின்ட் 1950களில் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் குடும்ப மருத்துவர்களோடு தொடங்கிய முறை இன்றும் நடக்கிறது. ஒருவர் குறிப்பு எதையும் பார்க்காமல் தன் மனசை உறுத்தும் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறார். மற்றவர்கள் விவரம் கேட்கிறார்கள். பிறகு அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி அமைதியாக உட்கார, மற்றவர்கள் அந்த நோயாளிக்கு எப்படி இருந்திருக்கும், அந்த மருத்துவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று பேசுகிறார்கள். "இப்படிச் செஞ்சிருக்கலாமே" என்ற அறிவுரைக்கு அங்கே இடமில்லை. எந்தப் பெயரைப் பார்த்தாலே நமக்குச் சலிப்பு வருகிறது, அது ஏன் என்பதையெல்லாம் வேறெங்கே பேச முடியும்?

குழு உதவுகிறதா என்பதற்குச் சோதனையும் இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் 74 மருத்துவர்களோடு நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம், ஒன்பது மாதம். நோயாளியை ஆளாகப் பார்க்காமல் வெறும் கேஸாகப் பார்க்கும் மரத்த நிலை குறைந்தது, வேலையில் ஈடுபாடு கூடியது. ஒரு வருஷம் கழித்தும் அந்தப் பலன் நின்றது. மன அழுத்தத்திலும் வேலைத் திருப்தியிலும் தெளிவான வித்தியாசம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை நிர்வாகம் சம்பளத்தோடு கொடுத்தது. மருத்துவர்களின் சோர்வு பற்றி உரை ஏற்பாடு செய்யும் நிர்வாகங்களிடம் நாம் கேட்க வேண்டியது இந்த நேரத்தைத்தான்.

சரி, எப்படிப் பிரிப்பது? தனியாக கிளினிக் நடத்துபவருக்கு முதல் தேவை குழு. அவருடைய முடிவைக் கேள்வி கேட்க ஆளே இல்லை. பெரிய மருத்துவமனையில் இருப்பவருக்குப் பேச ஆள் உண்டு, தன் எண்கள்தான் தெரியாது. அவர் ஆடிட்டில் தொடங்கட்டும். வருஷத்துக்கு ஒரு மாநாடு போதும். ஆன்லைன் பாடத்தை, ஆடிட் காட்டிய ஓட்டைக்கு ஏற்ப வாங்கலாம். குழு தொடங்குபவர்கள் ஆறு முதல் பத்துப் பேராகச் சேருங்கள். நோயாளியின் பெயரும் அடையாளமும் சொல்லக் கூடாது, அங்கே பேசியது வெளியே போகக் கூடாது என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். துறைத் தலைவர் வட்டத்தில் இருந்தால் இளையவர்கள் வாயைத் திறப்பது கஷ்டம். அவருக்குத் தன் வயதொத்தவர்களோடு வேறொரு குழு அமைவது நல்லது.